வேடியப்பனுக்குக் கண்ணாடி காட்டிய எக்ஸ்ரே அம்மா

சுவரில் ஒட்டியிருப்பது எதுவானாலும் படிக்காமல் நான் இப்போதெல்லாம் நடப்பதில்லை. மாசி மாதம் ஒரு காலை, கீழ்பென்னாத்தூரில் மகள் வீட்டிலிருந்து பஸ் ஏறி வந்து திருவண்ணாமலை பஸ் நிலையத்தில் இறங்கியபோதும் அப்படித்தான் நின்றேன். வரிசையாகப் போஸ்டர்கள். ஒரு காதணி விழா. ஒரு பட்டிமன்றம். காதணி விழாவுக்கு அடியில் பாதி மறைந்து ஒரு கண்ணீர் அஞ்சலி. இறந்தவரின் படம் இருந்த இடத்தில் மொட்டை போட்ட குழந்தை ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. பெயர் மட்டும் வெளியே தெரிந்தது.

நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். சு, லோ, ச, னா என்று வாய்விட்டுச் சொன்னேன். கீழ் வரியில் 'எக்ஸ்ரே பிரிவு, ஓய்வு' என்று இருந்தது. ஒரு வரியைத் தடுக்காமல் படித்து முடித்தால் எனக்குள் ஒரு மகிழ்ச்சி வரும். அன்றும் முதலில் அதுதான் வந்தது. அதற்குப் பிறகுதான் பெயர் யாருடையது என்பது வந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பூ விற்கும் பெண், "இன்னா பெரியவரே, மயக்கமா? தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டார்.

என் செல்போன் ரிப்பேர் கடையில் இருந்தது. சுலோசனா அம்மாவின் அண்ணன் மகள் கவிதா பல தடவை என்னைக் கூப்பிட்டிருக்கிறார். நான் வேங்கிக்கால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியாக முகம் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அம்மாவோடு மலை ஏறியவர்கள், கல் தேடியவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறோம், நீங்களும் எழுதுங்கள் என்று கேட்டார்கள். சில வருடங்களுக்கு முன்பு கேட்டிருந்தால் கைநாட்டுதான் வைத்துக் கொடுத்திருப்பேன். எழுபது தாண்டிய பிறகு, எங்கள் தெருச் சத்துணவுக் கூடத்தில் சாயங்காலம் நடக்கும் வகுப்பில் எழுத்துக் கற்றேன். இதை என் கையாலேயே எழுதுகிறேன். மெதுவாகத்தான் வருகிறது. பரவாயில்லை. அம்மாவும் ஒரு படம் எடுக்கப் பாதி நாள் ஆக்குவார்.

அவர் பெயர் சுலோசனா. அரசு மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் மகள் கவிதா வீட்டில் மாடி அறையில் இருந்தார். மலைக்காரர்கள் எல்லாருக்கும் அவர் எக்ஸ்ரே அம்மா. என் பெயர் ஏழுமலை. வாடகை ஜீப் ஓட்டினேன்.

முதன்முதலில் அவர் செங்கம் சாலை ஸ்டாண்டுக்கு வந்தது நன்றாக நினைவிருக்கிறது. தோளில் கேமரா பை. கக்கத்தில் பழைய போர்வை சுற்றிய ஒரு பலகை போன்ற பொருள். யாருக்கோ கல்யாணப் பரிசு கொண்டுபோகிறார் என்று நினைத்தேன்.

"உங்க வண்டி கிராமத்து ரோட்டுல போகுமா?"

"ரோடே இல்லாத எடத்துலயும் போகும்மா."

"அப்ப ரோடு இல்லாத எடத்துக்கே போகலாம், ஏறுங்க" என்று சொல்லிவிட்டு முன் சீட்டில் உட்கார்ந்தார். என் வண்டியில் என்னையே ஏறச் சொன்ன முதல் சவாரி அவர்தான்.

தண்டராம்பட்டுப் பக்கம் ஒரு மல்லாட்டைக் கொல்லை, அதாவது வேர்க்கடலைக் கொல்லை. அதன் நடுவே இடுப்பளவு உயரத்தில் ஒரு பலகைக்கல் நின்றது. போர்வையை அவிழ்த்தார். உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி. அவர் வீட்டுப் பீரோக் கதவிலிருந்து கழற்றியது. அதை என் கையில் கொடுத்து, எங்கே நிற்க வேண்டும், எப்படிச் சாய்க்க வேண்டும் என்று காட்டினார். கண்ணாடியில் பட்ட வெயில் கல்லின் பக்கவாட்டில் போய் விழுந்தது. அதுவரை வெறும் கல்லாக இருந்ததில் ஒரு ஆள் எழுந்து நின்றான். கையில் வில், இடுப்பில் கத்தி, தலையில் கொண்டை.

"பிளாஷ் அடிச்சா கல்லு முழிக்கும், ஆதார் கார்டு மாதிரி" என்றார் அம்மா. "நேரா வெளிச்சம் விழுந்தா கல்லு வெறும் கல்லு. சாஞ்சு விழுந்தாத்தான் மூஞ்சி எழும்பும்."

கொல்லைக்காரர் ஓடி வந்தார். "இன்னாம்மா, கல்லுக்கா போட்டோ? எனக்கு ஒண்ணு எடும்மா. ஆதார்ல இருக்கிற மூஞ்சி எனக்கே அடையாளம் தெரியல."

"இருங்க, இவரு உங்களுக்கு முன்னாடி வந்து நிக்கிறாரு. இவருக்கு முடிச்சுட்டு உங்களுக்கு" என்றார் அம்மா. பிறகு கேமராவில் கண்ணை வைத்து, கல்லைப் பார்த்து, "மூச்ச இழுங்க... அப்படியே நிறுத்துங்க" என்றார். கிளிக். "இப்ப விடலாம்."

கல்லுக்கு ஏது மூச்சு? ஆனால் கொல்லைக்காரரும் நானும் மூச்சை நிறுத்தியிருந்தோம். வாழ்நாள் முழுவதும் நோயாளிகளிடம் சொல்லிச் சொல்லி வந்த பழக்கம் அது. கேமரா பிடித்தால் தானாக வாயில் வந்துவிடும்.

மாட்டை ஓட்டிக்கொண்டு போனவர்களைத் துரத்திப் போய், மீட்கும் சண்டையில் செத்தவர்களுக்கு ஊர்க்காரர்கள் அந்தக் காலத்தில் நட்ட கற்கள் இவை என்று அவர்தான் எனக்குச் சொன்னார். எங்கள் பக்கத்தில் இவற்றை வேடியப்பன் என்று கும்பிடுவோம். ஏன் கும்பிடுகிறோம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. "பேர் போயிடுச்சு ஏழுமலை, மூஞ்சி மட்டும்தான் மிச்சம். அதுவும் மழையில கரையறதுக்குள்ள எடுத்துடணும்" என்பார்.

அதற்குப் பிறகு எத்தனையோ இடங்கள். செஞ்சிக் கோட்டையில் வெயில் ஏறும் முன்பே உச்சிக்குப் போய், கீழே நெல் வயல்களின் மேல் பனி கலைவதற்காகக் காத்திருப்பார். சமண முனிவர்கள் படுத்த கல் படுக்கைகளைத் தேடி முள்ளுக்குள் தவழ்ந்து போவார். பாறைச் சரிவில் என்னைவிட நிதானமாகக் கால் வைப்பார். கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு நான் பின்னால் போவேன். ஒரு தடவை காட்டாறு திடீரென்று பெருகி, இக்கரைக்கு வர முடியாமல் மத்தியானம் முழுக்க ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தோம். எனக்குப் பயம். அவர் பொட்டுக்கடலை தின்றுகொண்டே பேசினார்.

"எக்ஸ்ரே ரூம்ல நான் நிறைய பொய் சொல்லியிருக்கேன் ஏழுமலை."

"நீங்களா? பொய்யா?"

"படத்தை மொதல்ல பாக்கறது நான்தானே. டாக்டர் அப்புறம்தான். வெளியில நிக்கிறவங்க என் மூஞ்சியையே பாப்பாங்க. 'எப்படிம்மா இருக்கு?'ம்பாங்க. எனக்குத் தெரியும், நல்லா இல்லன்னு. ஆனா அதைச் சொல்றது என் வேலை இல்ல. 'ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க'ம்பேன். அத்தனை பேருகிட்டயும் அதே வார்த்தை." என் கையிலும் கொஞ்சம் கடலை போட்டார். "கல்லுகிட்ட அந்தத் தொல்லை இல்ல. அவங்களுக்கு நடக்க வேண்டியது எல்லாம் நடந்து முடிஞ்சுடுச்சு."

இப்போது ஜவ்வாது மலைக் கதையைச் சொல்ல வேண்டும். ஊர்ப் பெயரை எழுத மாட்டேன். கல் இருக்கும் இடத்தை அம்மா யாருக்கும் சொன்னதில்லை. சொன்னால் புதையல் என்று தோண்டவும், கல்லையே பெயர்த்துப் போகவும் ஆள் வரும்.

அந்த ஊருக்கு ஜீப் போகாது. அடிவாரத்தில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். ஊருக்கு மேலே இரண்டு பெரிய பாறைகள் ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கின்றன. அந்த இடுக்குக்குள் வேடியப்பன். வெயில் அவர் மேல் விழவே விழாது. ஆனி மாதம் உச்சி நேரத்தில் மட்டும் இடுக்கின் வாசல் வரைக்கும் வெயில் வந்து நிற்கும். அதற்காகவே நாங்கள் ஆனி மாதம் போனோம். தலைமுறை தலைமுறையாக எண்ணெய் ஊற்றியதில் கல் கருத்து, மழுங்கி, முகம் இருப்பதே தெரியவில்லை. பூசாரி பெயர் சடையன். என் வயதுக்காரர். கேமராவை அவர் தடுக்கவில்லை. "எடு, எடு. ஒண்ணும் தெரியப் போறதில்ல" என்று சிரித்தார்.

நான் வாசலில் வெயில் விழுந்த இடத்தில் உட்கார்ந்து கண்ணாடியைச் சாய்த்தேன். வெளிச்சம் உள்ளே போனது. அம்மா, "கொஞ்சம் மேல... இன்னும் கொஞ்சம்" என்றார். அப்போது அந்த முகம் வந்தது. நீண்ட மூக்கு, திறந்த கண், உதட்டில் ஒரு சிரிப்பு. கீழே மார்பில் தைத்த மூன்று அம்புகள்.

அம்மா வழக்கம்போல, "மூச்ச இழுங்க... அப்படியே நிறுத்துங்க" என்றார். கிளிக்.

திரும்பிப் பார்த்தேன். பூசாரி தரையில் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்தபோது அவர் கண்ணில் தண்ணீர்.

"அம்பு பட்டுக்கீதே" என்றார். "எங்கப்பன், எங்க தாத்தன், யாருக்குமே தெரியாது. இவ்ளோ நாளு வலியோட நின்னுனு இருந்துக்கீதே."

அதற்குள் ஊரே கூடிவிட்டது. பூசாரி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "சாமிக்குக் கண்ணு தொறந்தாச்சு. மொதல்ல கண்ணாடிதான் காட்டணும். இந்தம்மா முறையா காட்டிட்டாங்க."

புதுச் சிலைக்குக் கண் திறக்கும்போது முதலில் கண்ணாடி காட்டுவது நம் ஊர் வழக்கம். அதைத்தான் அவர் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அம்மா பதறிவிட்டார்.

"ஐயா, ஐயா, அதெல்லாம் இல்ல. நான் வெளிச்சத்துக்குத்தான் காட்டினேன். படம் எடுக்க."

"நீ எதுக்குக் காட்டுனா இன்னாம்மா? சாமி பாத்துடுச்சு இல்ல?"

"சாமி எதையும் பாக்கல. கல்லு மேல வெளிச்சம் போச்சு, அவ்வளவுதான்."

"நாங்க சாமியப் பாத்தோம். சாமி எங்களப் பாக்காமலா இருக்கும்?"

பூசாரி அதோடு விடவில்லை. கண் திறந்த சாமிக்குப் பசி வரும், கண்ணைத் திறந்துவைத்தவர் கையால்தான் முதல் சோறு வைக்க வேண்டும், வருடா வருடம் இதே ஆனியில் வந்து வைக்க வேண்டும் என்றார். சாமை அரிசியில் பொங்கல் பொங்கி அம்மா கையில் கொடுத்துவிட்டார்கள். சாமி நம்பிக்கை பெரிதாக இல்லாதவர் அவர். பெரிய கோயில் தெருவிலேயே பிறந்து வளர்ந்தும் தீபத்தன்று மாடியில் நின்று படம் எடுப்பதோடு சரி. ஆனாலும் இலையில் சோறு வைத்தார். "வருவியாம்மா?" என்று பூசாரி கேட்டபோது, "வர்றேன்" என்று சொல்லிவிட்டார்.

இறங்கும்போது நான் கேலி செய்தேன். "இன்னாம்மா, சாமிக்கு மாமியார் மாதிரி ஆயிட்டீங்களே."

"சும்மா வாங்க ஏழுமலை."

"அடுத்த வருஷம் வர வேணாம். யாரு வந்து கேக்கப் போறாங்க?"

நின்று திரும்பினார். "வர்றேன்னு சொல்லிட்டேன். எக்ஸ்ரே ரூம்ல சொன்ன பொய்யெல்லாம் போதும். இந்த ஒரு வார்த்தையாவது நெசமா இருக்கட்டும்."

அதுபோலவே ஒவ்வொரு ஆனியும் போனோம். அம்பு தைத்த மூன்று இடங்களிலும் பூசாரி மஞ்சளை அரைத்து வைக்க ஆரம்பித்தார், புண்ணுக்கு மருந்து வைப்பதுபோல. எண்ணெய் ஊற்றுவதை அவராகவே நிறுத்தினார். உச்சி வெயில் வாசலுக்கு வந்ததும் நான் கண்ணாடியைச் சாய்ப்பேன். அம்மா, "மூச்ச இழுங்க, நிறுத்துங்க" என்பார். அது ஏதோ மந்திரம் என்று ஊர் நினைத்தது. ஆண், பெண், குழந்தை எல்லாரும் மூச்சை இழுத்து நிறுத்துவார்கள். "இப்ப விடலாம்" என்றதும் மொத்த ஊரும் ஒன்றாக மூச்சு விடும். அந்தச் சத்தம் மரத்தில் காற்று அடித்தது மாதிரி இருக்கும். "இதைத் திருத்தணும் ஏழுமலை" என்பார் அம்மா. திருத்தவே இல்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த படம் எடுப்பார்.

நான் படிக்கக் கற்ற செய்தியை வண்டியில்தான் அவரிடம் சொன்னேன். வழியில் இருந்த ஊர்ப் பலகை ஒவ்வொன்றையும் உரக்கப் படித்துக் காட்டினேன். "பிரமாதம். இனிமே நீங்களே வழி பாத்துப் போங்க, நான் நிம்மதியா தூங்குறேன்" என்றார். சொன்னதோடு நிஜமாகவே தூங்கிவிட்டார். அப்போதெல்லாம் வண்டி ஏறியதும் களைத்துப் போவார். படி ஏறினால் பாதியில் நிற்பார். இருமல் விடவில்லை. கவனிக்கத் தெரியாமல் போய்விட்டது எனக்கு.

போன வருடம் வைகாசி மாதம். டீக்கடை வாசலில் வண்டியில் உட்கார்ந்திருந்தேன். அம்மா ஒரு பெரிய உறையோடு வந்தார். உள்ளேயிருந்து எக்ஸ்ரே படத்தை எடுத்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். நெஞ்சு எலும்புகள் தெரிந்தன. கீழே இரண்டு பக்கமும் வெள்ளையாகப் புகை படிந்த மாதிரி இருந்தது.

"யாருதும்மா?"

"என்னுதுதான். நல்லா எடுத்திருக்கான். பையன் இப்பத்தான் வேலைக்குச் சேர்ந்தானாம், ஆனா சுத்தமா எடுத்திருக்கான்."

"இன்னாம்மா வெள்ளையா? ஏதாவது...?"

அம்மா படத்தை உறைக்குள் வைத்தார். என் தோளைத் தட்டினார். "ஒண்ணும் இல்ல ஏழுமலை. பயப்படாதீங்க" என்றார்.

நான் வண்டியை விட்டு இறங்கவில்லை. டீ வாங்கி வந்து கொடுத்தார். அவர்தான் எனக்கு வாங்கிக் கொடுத்தார்.

நுரையீரல் சுருங்கிக்கொண்டே போகிறது, ஆக்சிஜன் வைத்துக்கொள்ள வேண்டும், மலை ஏறுவதை மறந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னதைக் கவிதா பிறகு சொன்னார். ஆனி நெருங்கியது. அம்மாவுக்கு அது ஒன்றுதான் கவலை. மருந்தைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டார். "மழை மேகம் எப்படி இருக்கு? உச்சியில வெயில் கெடைக்குமா?" என்றுதான் போனில் கேட்பார்.

கவிதா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணா, அத்தை கூப்பிட்டா வண்டி ரிப்பேர்னு சொல்லிடுங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன்." அவர் கேட்டதில் தப்பில்லை. அன்று மாலையே அம்மா போன் செய்தார். வண்டி ரிப்பேர் என்றேன்.

"அப்படியா? பின்னாடி ஓடுற இன்ஜின் யாரோடது? அதுல உங்க பெல்ட் சத்தம் கேக்குதே."

வண்டியை அணைக்காமலே பேசிவிட்டேன்! ஆனால் ஓட்டினாலும் அடிவாரம் வரைக்கும்தானே ஓட்ட முடியும். அதற்கு மேல் அவர் எப்படி ஏறுவார்? எனக்கு வேறு வழி தெரியாமல் பூசாரி மகனுடைய போனுக்குக் கூப்பிட்டு, இந்த வருடம் அம்மா வர மாட்டார், சாமியிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். பூசாரி போனை வாங்கினார்.

"சாமிகிட்ட இன்னான்னு சொல்றது?"

"ஒடம்பு சரியில்லன்னு சொல்லுங்க. நடக்க முடியல."

"நடக்க முடியாதவங்கள நாங்க தூக்குனது இல்லையா? பிரசவத்துக்கு டோலி கட்டி எத்தன பேர எறக்குறோம். எறக்கத் தெரிஞ்சவனுக்கு ஏத்தத் தெரியாதா? அடிவாரத்துக்கு இட்டாந்து வுடு. மீதி எங்க பாடு."

இதைக் கவிதாவிடம் போய்ச் சொன்னேன். "நீங்க எல்லாரும் சேர்ந்து என்னைக் கொல்லுங்க" என்று அழுதார். அழுதுகொண்டே டாக்டருக்குப் போன் செய்து, சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார். மலைக்குப் போகும் நாளில் லீவு போட்டுவிட்டு எங்களோடு அவரும் வந்தார்.

அடிவாரத்தில் ஊர் ஆட்கள் தயாராக நின்றார்கள். பள்ளிக்கூடத்து பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இரண்டு மூங்கிலுக்கு நடுவில் கட்டியிருந்தார்கள். மூக்கில் குழாயோடு அம்மா அதில் உட்கார்ந்தார். கழற்றிய செருப்பை நான் கையில் எடுத்துக்கொண்டேன்.

"எறக்கித்தான் பழக்கம்மா, ஏத்திப் பழக்கம் இல்ல. குலுங்குச்சுன்னா திட்டாதீங்க" என்றான் முன்னால் நின்றவன்.

"வெய்ட்டு ஜாஸ்தியா?" என்று கேட்டார் அம்மா.

"ரேஷன் மூட்டையே ஜாஸ்தி. நீங்க ரொம்ப கம்மி. நல்லா சாப்புடுங்கம்மா."

சிரித்தார். சிரிப்பே இருமலானது. நாற்காலியை இறக்கி வைத்து, இருமல் அடங்கியதும் மறுபடி தூக்கினார்கள். இப்படியே ஏறினோம்.

உச்சி நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். வானத்தில் மேகம். அம்மா மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எந்தச் சாமியையெல்லாம் வேண்டினேன் என்று எழுத இந்தத் தாள் போதாது. மேகம் விலகியது. வெயில் இடுக்கின் வாசலுக்கு வந்தது. கண்ணாடியைச் சாய்த்தேன். முகம் எழும்பியது.

அம்மா கேமராவைத் தூக்கினார். கவிதா முழங்கையைத் தாங்கினார். அம்மா வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மூச்சு இருந்தால்தானே அந்த வார்த்தை வரும். மறுபடி முயன்றார். வரவில்லை. கேமராவை மெல்ல மடியில் இறக்கினார்.

அப்போது பூசாரி சத்தமாகச் சொன்னார்: "மூச்ச இழுங்க."

ஊர் முழுவதும் சேர்ந்து சொன்னது: "அப்படியே நிறுத்துங்க."

அத்தனை பேரும் மூச்சை நிறுத்தினார்கள். அம்மா கேமராவைத் தூக்கினார். கிளிக் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. "இப்ப விடலாம்" என்றார் பூசாரி. ஆனால் யாரும் உடனே விடவில்லை. அம்மா ஒரு மூச்சு இழுத்து விடும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் விட்டார்கள்.

அம்மா தன் கையால் சாமைப் பொங்கல் வைத்தார். பூசாரி நாற்காலிக்கு அருகில் வந்து குந்தினார்.

"எங்கம்மா வலி?"

அம்மா நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். பூசாரி எழுந்துபோய், வேடியப்பன் மார்பில் அம்பு தைத்த இடத்திலிருந்து மஞ்சளை வழித்து வந்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். அம்மா அந்தக் கையை மூடி வைத்துக்கொண்டார்.

சற்றுப் பொறுத்துக் கேட்டார். "பூசாரி, தொறந்த கண்ணை மூட ஏதாவது முறை இருக்கா?"

"ஏம்மா?"

"அடுத்த வருஷம் நான் வர முடியாது. சோறு வைக்க ஆள் இல்லாம அவரு பாத்துட்டே நிக்கக் கூடாது இல்ல."

பூசாரி யோசித்தார். "தொறக்கத்தாம்மா முறை கீது. மூடறதுக்கு இல்ல."

அம்மா என்னைப் பார்த்தார். இனி சோறு வைக்க வேண்டியது யார் என்று எனக்கு விளங்கிவிட்டது. நான் வாய் திறப்பதற்குள் அவர் தலையை ஆட்டினார். "இல்ல ஏழுமலை. உங்களுக்கும் வயசாச்சு. உங்க தலையில இதை நான் கட்ட மாட்டேன்." மூச்சு வாங்கி வாங்கித்தான் இதைச் சொன்னார். நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

இறங்கும்போது நாற்காலியைத் திருப்பிக் கட்டினார்கள். முகம் மலைப்பக்கம் இருந்தால்தான் சரிவில் முன்னால் சாயாது. நான் எல்லாருக்கும் பின்னால் வந்தேன். அம்மா கண்ணை மூடியிருந்தார். கேமரா மடியில் கிடந்தது. தூங்குகிறார் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு அவர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. வாரா வாரம் போய் உட்கார்ந்துவிட்டு வருவேன். தினசரியில் வரும் ஊர்ச் செய்திகளைப் படித்துக் காட்டச் சொல்வார். நான் தடுக்கித் தடுக்கிப் படிப்பேன். "மெதுவா, மெதுவா. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல" என்பார். தை மாதம் முழுதும் அப்படிப் போனது. மாசியில் நான் மகள் வீட்டில் இருந்த நாளில் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கவிதா கேமராவைக் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அண்ணா, அத்தை கடைசியா எடுத்தது இதெல்லாம். நீங்க பாக்கணும்" என்றார்.

வேடியப்பன் படத்துக்கு அப்புறம் இன்னும் படங்கள் இருந்தன. இறங்கும் வழியில் எடுத்தவை. கேமராவைத் தூக்காமல், மடியில் வைத்தபடியே அழுத்தியிருக்கிறார். எல்லாம் சாய்ந்தும் கலங்கியும் இருந்தன. ஒன்றிலும் கல் இல்லை. மூங்கிலைத் தாங்கிய ஒரு தோள். பல்லைக் கடித்துக்கொண்டு வரும் ஒரு முகம். இன்னொருவன் எதற்கோ சிரிக்கிறான். இலைகளுக்கு நடுவில் கொஞ்சம் வானம். பூசாரியின் கால்கள்.

கடைசிப் படத்தில் நான் இருக்கிறேன். பாதையின் மேலே, தூரத்தில். ஒரு கையில் போர்வை சுற்றிய கண்ணாடி. இன்னொரு கையில் அவருடைய செருப்பு. நான் அழுதுகொண்டிருக்கிறேன். யாரும் பார்க்கவில்லை என்றுதான் அன்று நினைத்தேன்.

அம்மா, நீங்கள் என் தலையில் எதையும் கட்டவில்லை. சாமை அரிசிக்கு நானாகத்தான் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனி பிறந்ததும் நானாகத்தான் ஏறப் போகிறேன். முழங்கால் வலித்தால் உட்கார்ந்து உட்கார்ந்து போவேன். நீங்கள் மூச்சு வாங்காமல் இளைப்பாறுங்கள். வெயில் வாசலுக்கு வரும் நேரத்தில் நான் அங்கே இருப்பேன்.